ஃபிளேர் செய்யும்போது செம்புக் குழாய் விளிம்பு வெடிப்பது

ஃபிளேர் செய்யும்போது, அதாவது இணைப்புக்காக முனையைப் புனல்போல் விரிக்கும்போது, கால் அங்குலச் செம்புக் குழாய் ஒவ்வொரு முறையும் விளிம்பில் வெடிக்கிறது என்கிறீர்கள், அதற்காக ஃபிளேரிங் டூலை மாற்ற வேண்டாம், முனையைச் சூடாக்கி இளக்கிவிட்டு விரியுங்கள். வளைத்து நிமிர்த்திய இடத்திலும் ஏற்கெனவே ஒருமுறை விரித்த முனையிலும் செம்பு இறுகிவிடும், மறுபடி விரித்தால் கிழியத்தான் செய்யும்.

சோதிக்க, வெடித்த முனையை வெட்டிவிட்டுப் புது முனையை மங்கலான சிவப்பு வரும்வரை சூடாக்கி ஆறவிடுங்கள். அப்புறம் உள்பக்கப் பிசிறை ரீமரால் (பிசிறு சுரண்டும் கருவி) எடுத்து (குழாயின் வாய் கீழே பார்க்கட்டும், தூள் உள்ளே போகக் கூடாது), டூலின் கோனில் (முனையை விரிக்கும் கூம்பு) ஒரு சொட்டு எண்ணெய் விட்டு மெதுவாகத் திருகுங்கள். விரிக்கும் முன்பே நட்டைக் குழாயில் மாட்டிவிடுங்கள், இதை மறக்காதவர் யாருமில்லை.

லைனில் கேஸ் இருந்தால் தீயைக் கிட்டேயே கொண்டுபோகாதீர்கள். பிரேக் லைன் என்றால் விளிம்பை மடிக்காமல் விரிக்கும் இந்த ஒற்றை ஃபிளேர் ஆகவே ஆகாது.