கவர்னர் ஸ்பிரிங்கில் கை வைப்பதற்கு முன்

பழைய சின்ன டிராக்டர் வைத்திருப்பவர்கள் அனுப்பும் கேள்விகளில் பாதி இந்த ஒன்றுதான்: என்ஜின் ஒரே சீராக ஓடாமல் ஏறி ஏறி இறங்குகிறது. அவற்றில் சிலவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன்.

ஒற்றை சிலிண்டர் பெட்ரோல் என்ஜின். சுமை இல்லாமல் ஓடும்போது 'வூம்... வூம்...' என்று தாளம் போடுகிறது. கவர்னர் ஸ்பிரிங் புதிதாகப் போட்டும் பலனில்லை.

பாவம் அந்த ஸ்பிரிங். என்ஜின் வேகத்தை ஒரே அளவில் வைக்கும் கருவிதான் கவர்னர். அது தானாக இப்படி ஆடுவது குறைவு. பெரும்பாலும் வேறு ஏதோ ஒன்று அதை ஆட வைக்கிறது. கார்புரேட்டர் பெட்ரோலைக் குறைவாகவும் காற்றை அதிகமாகவும் கொடுத்தால் வேகம் விழும். உடனே கவர்னர், என்ஜினுக்குள் போகும் கலவையைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலைத் திறக்கும். மெயின் ஜெட் பெட்ரோல் தர, வேகம் எகிறும். கவர்னர் பயந்து மூடும். மறுபடி பட்டினி. இதுதான் அந்தத் தாளம்.

இரண்டு சோதனை போதும். என்ஜின் ஓடும்போதே சோக்கைப் பாதி இழுங்கள். ஆட்டம் அடங்கினால் பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம். அப்புறம், ஃபேன், பெல்ட் பக்கம் கை போகாமல், நடுத்தர வேகத்தில் த்ராட்டில் லீவரை விரலால் அசையாமல் பிடியுங்கள். வேகம் சீரானால் கோளாறு கவர்னர் பக்கம். அப்போதும் ஏறி இறங்கினால் எரிபொருள் பக்கம். பிடித்த கையால் வேகத்தைக் கூட்டிவிடாதீர்கள். அந்த நேரத்தில் என்ஜினுக்குக் கடிவாளமே இல்லை. இந்த வகை என்ஜின்கள் பலவற்றுக்கு 3,600 ஆர்பிஎம்தான் மேல் எல்லை. தாண்டினால் கனெக்டிங் ராடு உடைந்து வெளியே வரலாம்.

எரிபொருள் பக்கம் என்றால் முதல் சந்தேகம் ஐடில் ஜெட், அதாவது மெதுவாக ஓடும்போது பெட்ரோல் தரும் சிறு துவாரம். மாதக்கணக்கில் தேங்கிய பெட்ரோல் பிசினாகி, முடி அளவுத் துவாரத்தை அடைத்துவிடும். மேலோட்டமாக ஸ்பிரே அடித்தால் போகாது. கழற்றி கிளீனரில் ஊறவைத்து, காற்றடித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இரும்புக் கம்பி வேண்டாம், துவாரம் பெரிதாகிவிடும். மாட்டியபின் ஐடில் மிக்சர் ஸ்க்ரூவை மெதுவாக உட்கார வைத்து, ஒன்று முதல் ஒன்றரைச் சுற்று வெளியே எடுங்கள். என்ஜின் சூடானதும் இரண்டு பக்கமும் திருப்பி, தடுமாறும் இரண்டு இடங்களுக்கு நடுவில் நிறுத்துங்கள். இறுக்கி முடுக்கினால் ஊசி முனையில் வளையம் விழும். பிறகு எந்த டியூனிங்கும் நிற்காது.

கார்புரேட்டரை மூன்று முறை கழற்றிச் சுத்தம் செய்துவிட்டேன். பாதி சோக்கில் மட்டும் நன்றாக ஓடுகிறது.

நான்காவது முறை கழற்ற வேண்டாம். கார்புரேட்டருக்குப் பின்னால் எங்கோ காற்று உள்ளே போகிறது. த்ராட்டில் ஷாஃப்டைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். கையில் தெரியும் அளவுக்கு ஆடினால், ஷாஃப்ட் ஓட்டை தேய்ந்திருக்கிறது. புஷ் போட வேண்டும். அது சரியென்றால் மேனிஃபோல்ட் கேஸ்கெட், அதாவது கார்புரேட்டரிலிருந்து என்ஜினுக்குப் போகும் குழாயின் இணைப்பை அடைக்கும் தகடு. பல வருடம் இறுக்கி இறுக்கி ஃப்ளேஞ்ச் (இணைப்பின் தட்டை முகம்) வளைந்திருந்தால் புது கேஸ்கெட்டும் அடைக்காது. கண்ணாடி மேல் உப்புத்தாள் விரித்து, ஃப்ளேஞ்ச் சமமாகும்வரை தேயுங்கள். ஓடும் என்ஜினில் கிளீனர் அடித்து ஓட்டையைத் தேடுபவர்கள் உண்டு. பக்கத்தில் சூடான சைலன்சர் இருக்கிறது, ஆகவே நான் சொல்லமாட்டேன்.

இருபது நிமிடம் நன்றாக ஓடுகிறது. அப்புறம் ஏறி இறங்கி நின்றுவிடுகிறது. சற்று நேரம் விட்டால் மறுபடி ஓடும்.

டேங்க் மூடியைத் தளர்த்தி ஓட்டிப் பாருங்கள். பிரச்சினை போனால், மூடியில் உள்ள காற்றுத் துவாரம் அடைந்திருக்கிறது. போகவில்லையென்றால் பெட்ரோல் குழாயைக் கார்புரேட்டர் முனையில் கழற்றி ஒரு டப்பாவில் விடுங்கள். சீராக ஒழுகாமல் சொட்டினால், டேங்குக்குக் கீழே அழுக்கு தங்கும் செடிமென்ட் கிண்ணத்தின் வலையையும், உள்ளே உரிந்துபோன ரப்பர் குழாயையும் கவனியுங்கள். தடுமாறாமல் பட்டென்று நிற்கும் என்ஜின் வேறு கதை. அங்கே ஸ்பார்க்குக்கு மின்சாரம் தரும் காயில் சூடாகிவிட்டதா என்று சந்தேகிக்கலாம். நின்ற உடனே ஸ்பார்க் இருக்கிறதா என்று பாருங்கள்.

த்ராட்டிலைப் பிடித்தால் சீராக ஓடுகிறது. விட்டால் ஆட்டம்.

இங்கேதான் கவர்னர். முதலில் ஸ்பிரிங்கைக் கழற்றி, ராடுகளை விரலால் நகர்த்திப் பாருங்கள். உலர்ந்த கிரீஸ், வளைந்த ராடு, தேய்ந்த மூட்டு எல்லாமே தாமதம் உண்டாக்கும். அந்தத் தாமதம்தான் ஆட்டம். கவர்னர் லீவரில் ஸ்பிரிங்கை மாட்டப் பல ஓட்டைகள் இருந்தால், அச்சுக்கு நெருக்கமான ஓட்டையில் அது துடியாக வேலை செய்யும், சில சமயம் அதிகத் துடியாக. ஒரு ஓட்டை வெளியே நகர்த்துங்கள். சுமை ஏறும்போது வேகம் கொஞ்சம் கூடுதலாக விழும், அவ்வளவுதான். யாராவது கவர்னர் லீவரின் கிளாம்ப் நட்டைத் தளர்த்தியிருந்தால், த்ராட்டிலை முழுதாகத் திறந்து வைத்து, த்ராட்டிலைத் திறக்க கவர்னர் லீவர் நகரும் அதே திசையில் கவர்னர் ஷாஃப்டைத் தட்டும்வரை திருப்பி, நட்டை இறுக்குங்கள்.

என்னிடம் ஃபோர்டு 8என் டிராக்டர். பாயிண்ட் இடைவெளி 0.015 அங்குலமா, 0.025-ஆ?

இரண்டும் சரி, வண்டியைப் பொறுத்தது. பாயிண்ட் என்பது ஸ்பார்க் வரும் நேரத்தைத் தீர்மானிக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் சுவிட்ச். டிஸ்ட்ரிபியூட்டர் என்ஜினின் முன்பக்கம் இருந்தால் 0.015, பக்கவாட்டில் இருந்தால் 0.025. 1947-இல் வந்த 8என்-க்கு, 1950-இல்தான் அது பக்கவாட்டுக்கு மாறியது. ஆனால் பாயிண்ட் கோளாறு தாளத்தோடு வராது. இஷ்டத்துக்கு உதறும், புகைக்குழாயில் வெடிக்கும்.

சின்ன டீசல் டிராக்டர். அதற்கும் இதே ஆட்டம்.

டீசல் குழாயில் ஏர் (காற்று) பிடித்திருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன். ஃபில்டரை மாற்றுங்கள். வளையத்தோடு இறுக்கும் ஒவ்வொரு இணைப்பிலும் பழைய செம்பு வாஷரைத் தூக்கிப் போடுங்கள். ஏரை வெளியேற்றும்போது டேங்க் பக்கத்திலிருந்து வாருங்கள்: ஃபில்டர், பம்ப், கடைசியாக இன்ஜெக்டர் நட்டுகள். பீறிடும் டீசலுக்கு எதிரே கையை நீட்டாதீர்கள், தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். ஏர் இல்லாமலும் ஆடினால், பம்ப் ரேக் (டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் கம்பி) ஒட்டிக்கொண்டிருக்கலாம். நெடுநாள் நின்ற வண்டிகளில் இது சகஜம். பம்பைத் திறக்கும் வேலையைப் பம்ப் மெக்கானிக்கிடம் விடுங்கள்.

ஐடிலிங்கை ரொம்பக் குறைத்தபின் ஆட்டம் நின்றுவிட்டது. அப்படியே விடலாமா?

வேண்டாம். ஒற்றை சிலிண்டர் ஏர்-கூல்டு என்ஜின்கள் பலவற்றில் ஆயில் பம்ப் கிடையாது. உள்ளே கரண்டி போல ஒன்று ஆயிலை வாரி இறைக்கும். வேகம் குறைந்தால் இறைப்பதும் குறையும். 1,200 ஆர்பிஎம் பக்கம் ஏற்றி வையுங்கள். அப்போது ஆட்டம் திரும்ப வந்தால், முதல் கேள்விக்குப் போங்கள்.