மனந்திரும்புதலும் பாவமன்னிப்பும்: கேள்வி பதில்

கேள்வி: அநியாயமாய் வாங்கியதைத் திருப்பிக் கொடுத்தால்தான் பாவமன்னிப்பு உண்டு என்கிறார்கள். அப்படியானால் அது விலைக்கு வாங்கும் மன்னிப்பு ஆகாதா?

பதில்: லூக்கா 19-ஆம் அதிகாரத்தில், எரிகோவின் ஆயக்காரர் (வரி வசூலிப்போர்) தலைவனான சகேயு காட்டத்தி மரத்தில் இருந்தபோது, அவன் வீட்டில் தங்கவேண்டும் என்று இயேசுதான் முதலில் சொன்னார், ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகவும், அநியாயமாய் வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகவும் சகேயு சொன்னது அதற்குப் பிறகே. தன் குற்றத்தை அறிக்கையிட்டவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டிக் கொடுத்தால் போதும் என்றுதான் மோசேயின் நியாயப்பிரமாணம் கூறியது. நான்கு மடங்கோ, ஆட்டைத் திருடிக் கொன்றவனுக்கும் விற்றவனுக்கும் உரிய தண்டனை. சகேயு யாரும் கேளாமலே அந்தத் திருடனின் இடத்தில் தன்னை நிறுத்திக்கொண்டான். ஆகவே அது மன்னிப்புக்கான விலையன்று, கிருபையைப் பெற்றவனின் கனி. ஆனாலும், கொடுக்க வழியிருந்தும் பிறர் பணத்தை வைத்துக்கொண்டு ஜெபத்தில் அழுகிறவர் இன்னும் மனந்திரும்பவில்லை என்றே நான் சொல்வேன்.

கேள்வி: ஒரே பாவத்தில் மீண்டும் மீண்டும் விழுகிறேன். என் மனந்திரும்புதல் பொய்யா?

பதில்: விழுந்ததால் மட்டும் அது பொய்யாகிவிடாது, விழுந்தபின் யாரிடம் போகிறீர்கள் என்பதே முக்கியம். இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸ், அதற்காக வாங்கிய முப்பது வெள்ளிக்காசைத் திருப்பிக் கொடுத்தான், பாவஞ்செய்தேன் என்றும் ஒப்புக்கொண்டான். ஆனால் அவன் போனது பிரதான ஆசாரியரிடம், அவர்களோ "அது உன்பாடு" என்று கைகழுவினார்கள். கரிநெருப்பருகே குளிர்காய்ந்தபடி இயேசுவை மறுதலித்த பேதுரு, திபேரியாக் கடற்கரையில் ஆண்டவர் நிற்பதை அறிந்ததும் தண்ணீரில் குதித்து அவரிடமே வந்தார். அங்கேயும் ஒரு கரிநெருப்பு இருந்தது. மூன்று முறை மறுதலித்தவரிடம் "என்னை நேசிக்கிறாயா" என்று மூன்று முறை கேட்டு, கர்த்தர் தம் ஆடுகளையே ஒப்படைத்தார். எத்தனை முறை வாசித்தாலும் என் உள்ளத்தை உருக்கும் பகுதி இது.

கேள்வி: குருவானவரிடம் பாவ அறிக்கை செய்வது அவசியமா?

பதில்: யோவான் 20:23-ஐ ஆதாரமாகக் கொண்டு கத்தோலிக்கத் திருச்சபை அவசியம் என்கிறது, ஆண்டுக்கு ஒரு முறையாவது செய்யவேண்டும் என்று 1215-இல் நான்காம் லாத்தரன் சங்கம் என்ற திருச்சபைப் பேரவை விதித்தது. தேவனிடம் நேரடியாக அறிக்கையிடலாம் என்பது சீர்திருத்த சபைகளின் போதனை.

கேள்வி: மன்னிக்கப்படாத பாவத்தைச் செய்துவிட்டேனோ என்று அஞ்சுகிறேன்.

பதில்: மத்தேயு 12-இல் இயேசு அதைச் சொன்னது, பேய் பிடித்தவன் கண்ணெதிரே சுகமானதைக் கண்டும், அது பிசாசுகளின் தலைவனாகிய பெயெல்செபூலின் வேலை என்று துணிந்து சொன்ன பரிசேயரிடம். அவர்கள் அஞ்சவும் இல்லை, மன்னிப்பைக் கேட்கவும் இல்லை. நீங்கள் இரண்டையும் செய்கிறீர்கள். இந்தப் பயத்தைத் தனியே சுமக்காமல், இந்த வாரமே உங்கள் போதகரிடம் மனம்விட்டுப் பேசுங்கள்.