கூக்ளி, தூஸ்ரா, கேரம் பால்: மூன்றும் ஒன்றா?

கிரிக்கெட் வர்ணனையில் அடிக்கடி காதில் விழும் இந்த மூன்று சுழற்பந்துகளுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டிருக்கிறீர்கள். ஏமாற்று வேலை மட்டும்தான் பொது.

கூக்ளி, மணிக்கட்டால் சுழற்றும் லெக் ஸ்பின்னருடையது. அவரது வழக்கமான பந்தான லெக் பிரேக் மாதிரியே கை சுழன்று வரும்; ஆனால் மணிக்கட்டை இன்னும் திருப்பி, புறங்கை பேட்ஸ்மேனைப் பார்க்கும்படி பந்தை விடுவார்கள். வலதுகை ஆட்டக்காரருக்கு வெளியே போக வேண்டிய பந்து உள்ளே வரும். இங்கிலாந்தின் பொசாங்கே கொண்டுவந்தது; ஆஸ்திரேலியாவில் அவர் பெயரால் ‘போஸி’.

தூஸ்ரா, விரலால் சுழற்றும் ஆஃப் ஸ்பின்னரின் பதில். உருதுவில் ‘இன்னொன்று’. பாகிஸ்தானின் சக்லைன் முஷ்டாக்கிடம் கீப்பர் மொயின் கான் ஸ்டம்புக்குப் பின்னாலிருந்து ‘தூஸ்ரா’ கேட்டு, அதுவே பெயராகிவிட்டது. வலதுகை ஆட்டக்காரருக்கு உள்ளே வர வேண்டிய பந்து வெளியே திரும்பும். வில்லங்கம் முழங்கையில்: பந்தை விடும்போது மடங்கிய முழங்கை 15 டிகிரிக்கு மேல் நிமிர்ந்தால் அது விதிக்கு மாறான எறிதல். பலர் மாட்டியது இங்கேதான்.

கேரம் பாலில் மணிக்கட்டுக்கு வேலை குறைவு. நடுவிரலை மடக்கி, அதற்கும் கட்டைவிரலுக்கும் நடுவே பந்தை இடுக்கிச் சுண்ட வேண்டும். அஸ்வினால் பிரபலமான சென்னைத் தெருப் பெயர் ‘சொடக்கு பால்’. நியாயமாகப் பார்த்தால் அதுதான் பொருத்தம். 2008 ஆசியக் கோப்பை இறுதியில் இலங்கையின் மெண்டிஸ் இந்தப் பந்தோடு இந்தியாவுக்கு எதிராக 13 ரன்னுக்கு 6 விக்கெட் சாய்த்த பிறகு எல்லோரும் முயன்றார்கள். நடுவிரலில் வலு இல்லையென்றால் பந்து பாதியிலேயே குத்தும், இல்லையேல் ஃபுல் டாஸ். முதலில் டென்னிஸ் பந்தில் பழகுங்கள். அமுக்கினால் விரலுக்கு அடங்கும்.