சாமியும் எந்திரமும்: வாசகர் கேள்வி பதில்

வாசகர், திருப்பாதிரிப்புலியூர்: ஜெயமோகனின் 'விஷ்ணுபுரம்' நாவலை இரண்டு தடவை எடுத்து, இரண்டு தடவையும் நூறு பக்கத்தில் வைத்துவிட்டேன். எங்கே தப்பு?

கதை நேராகப் போகும் என்று நினைத்ததுதான். 1997-ல் வந்த இந்த நாவலுக்கு ஸ்ரீபாதம், கௌஸ்துபம், மணிமுடி என்று மூன்று பாகம். முதல் பாகத்தில் பழங்கதையாகக் காதில் விழும் பௌத்தத் துறவி அஜிதன், இரண்டாம் பாகத்தில் ரத்தமும் சதையுமாக வந்து வாதாடுவான். அதாவது இரண்டாவது, முதலாவதற்கு முந்தைய காலம். ஸ்ரீபாதம் தேர்த்திருவிழாக் கூட்டம். ஆள்மேல் ஆள் மோதும். ஒரு தாளில் பெயரையும் தொழிலையும் குறித்துக்கொண்டே போங்கள். தத்துவ வாதங்கள் நிறைந்த கௌஸ்துபத்தை ஒரே மூச்சில் விழுங்கப் பார்த்தால் விக்கும். சாங்கியம், நியாயம், பௌத்தம் என்ற தத்துவப் பிரிவுகளைப் பற்றிப் பத்துப் பக்கமாவது முன்கூட்டிப் படித்துவிட்டு, நாளுக்கு ஓர் அத்தியாயம் போதும். சமணராக இருந்த அப்பர் சைவராகிக் கல்லைத் தெப்பமாக்கிக் கரையேறிய ஊர்க்காரருக்குச் சமய வாதம் புதுசா என்ன!

வாசகி, முத்தியால்பேட்டை: ப்ளஸ் டூ படிக்கும் என் மகன் ராக்கெட் இல்லாத கதையைத் தொடமாட்டான். ஆங்கிலம் சரளமாகப் படிப்பான். நம் புராணம் கலந்து ஏதாவது உண்டா?

ரோஜர் ஸெலாஸ்னியின் 'லார்ட் ஆஃப் லைட்' கொடுங்கள். 1967-ல் வந்து மறுவருஷமே அறிவியல் புனைகதைக்கான ஹ்யூகோ விருது வாங்கியது. வேற்றுக்கிரகத்தில் குடியேறிய கப்பல்காரர்கள் பிரம்மா, எமன், காளி என்று பெயர் சூட்டிக்கொண்டு ஆள்கிறார்கள். மறுபிறவியும் அவர்கள் கையில். மனசைத் துழாவிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த உடம்பு தருவார்கள். காசு போட்டால் பிரார்த்தனை செய்யும் எந்திரம்கூட இருக்கிறது! இவர்களை எதிர்க்கும் சாம் எடுக்கும் ஆயுதம், பௌத்தம்.

பலர் இதை மூடிவைப்பது இரண்டாம் அத்தியாயத்தில். மொத்தம் ஏழு அத்தியாயம். முதலாவது நடப்பது ஆறாவதற்குப் பிறகு. குழம்பினால் 2 முதல் 6 வரை படித்துவிட்டு 1-க்கு வந்து, 7-ல் முடிக்கலாம். எமனுக்கும் காளிக்கும் கல்யாணம் என்று வரும்; பாட்டி காதில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இவர்கள் சாமிகள் அல்ல, சாமி வேஷம் கட்டியவர்கள் என்பதை அவன் மறக்காமல் இருந்தால் போதும்.

வாசகர், கடலூர் முதுநகர்: கிறிஸ்தவப் பின்னணியில் ஓர் அறிவியல் புனைகதை உண்டா?

வால்டர் மில்லரின் 'எ கேன்டிகிள் ஃபார் லீபோவிட்ஸ்'. அணுகுண்டுப் போரில் உலகம் அழிந்தபின், லீபோவிட்ஸ் என்ற எலெக்ட்ரிக்கல் இன்ஜினீயரின் மளிகைச் சீட்டும் சர்க்யூட் வரைபடமும் மடாலயத்துப் புனிதப் பொருள்களாகின்றன. அந்த வரைபடம் எதற்கென்றே புரியாத ஃபிரான்சிஸ் என்ற துறவி, அதை ஆட்டுத்தோலில் தங்கத்தகடு ஒட்டி 15 வருஷம் படியெடுக்கிறார். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்துச் சைவ ஓலைச்சுவடிகளைப் பார்த்தவர்களுக்கு இது மிகையாகத் தெரியாது. நடுவில் வரும் லத்தீன் வரிகளைத் தாண்டிப் போகலாம். ஆனால் இரண்டாம் பாகத்தில் ஃபிரான்சிஸைத் தேடாதீர்கள். பாகத்துக்குப் பாகம் சுமார் 600 வருஷ இடைவெளி.