அவர்களுக்கா ஆறு மாசம்?

கேள்வி: கொரோனா ஊரடங்கை மீறியவர்கள் மேல் இருந்த வழக்குகளை 2021-ல் அரசு கைவிட்டது தப்புதானே? ஆளுக்கு ஆறு மாசம் உள்ளே போட்டிருந்தால் அடுத்த முறை பயம் இருக்குமே!
- வாசகர், உத்தமபாளையம்

பதில்: உத்தமபாளையத்தில் இருந்துகொண்டு நீங்கள் இதைக் கேட்பதுதான் வருத்தமாக இருக்கிறது. 2020 மார்ச்சில் கேரள எல்லையை அடைத்தபோது, மேலே மலையில் ஏலக்காய்த் தோட்டத்துக்குக் கூலிக்குப் போன நம் சனம் எப்படி இறங்கி வந்தது என்று உங்களுக்குத் தெரியாதா? ஜீப் இல்லை, பஸ் இல்லை, கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு காட்டுவழியே நடந்தார்கள். அப்படி நம் தேனி மாவட்டத்து ராசிங்காபுரத்துக்கு வந்துகொண்டிருந்த ஒரு கூட்டம் காட்டுத்தீயில் சிக்கியது, ஒரு குழந்தையும் செத்துப்போனது. தப்பி வந்தவர்களும் சட்டத்தின் கண்ணில் ஊரடங்கை மீறியவர்கள்தான். அவர்களுக்கா ஆறு மாசம்?

சரி, சட்டத்துக்கு வருவோம். அரசு உத்தரவை மீறுவதற்கு அப்போது இருந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 188-வது பிரிவில் சாதாரண மீறலுக்கு அதிகபட்சமே ஒரு மாதம் சிறை அல்லது 200 ரூபாய் அபராதம், பிறர் உயிருக்கோ உடல்நலத்துக்கோ ஆபத்து வந்தாலோ வரக்கூடும் என்றாலோதான் ஆறு மாதம் அல்லது 1000 ரூபாய். அதுவும் உத்தரவு போட்ட அதிகாரியோ அவருக்கு மேலே உள்ளவரோ எழுத்தில் புகார் கொடுத்தால்தான் கோர்ட் விசாரணைக்கு எடுக்கும். சுமார் 10 லட்சம் வழக்குக்கு யார் உட்கார்ந்து எழுதுவது? அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி கைவிடுவதாக அறிவித்தபோதும் வன்முறை, போலீசாரைத் தடுத்தது, இ-பாஸ் மோசடி இதையெல்லாம் விட்டுவிடவில்லை, அது சரியான கோடு. தொற்று இருப்பது தெரிந்தும் மறைத்துக் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தவரை நானும் விடச் சொல்ல மாட்டேன், அதற்கு அதே சட்டத்தின் 270-வது பிரிவில் இரண்டு வருடம் வரை சிறை இருந்தது.

பயம் வேண்டும் என்கிறீர்கள். நேரம் கடந்து கடை திறந்திருந்ததாகப் போலீஸ் பிடித்துப்போன அப்பாவும் மகனும் சாத்தான்குளத்தில் அடிபட்டுச் செத்தார்களே, அதைவிடப் பெரிய பயத்தை எந்த நீதிபதி கொடுக்க முடியும்?

இன்னொன்று, 2024 ஜூலை முதல் 188-க்குப் பதிலாகப் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் வந்திருக்கும் 223-வது பிரிவில் சாதாரண மீறலுக்கே ஆறு மாதம் வரை, ஆபத்து வந்தாலோ வரக்கூடும் என்றாலோ ஒரு வருடம் வரை. நீங்கள் கேட்டது வந்துவிட்டது, நாளைக்கு மறுபடி செக்போஸ்ட் அடைபட்டால் தோட்டத்தில் மாட்டிக்கொள்ளும் நம் ஆட்கள் மேல்தான் இது முதலில் பாயும். அப்புறம், பழைய வழக்கு யார் பெயரிலாவது இன்னும் கிடக்கிறதா என்று சந்தேகமாக இருந்தால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் போய்க் கேட்கச் சொல்லுங்கள், வசதி இல்லாதவர்களுக்கு அங்கே வக்கீல் இலவசம்.