நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்க மாட்டேன், சிட்டையைக் காட்டுங்கள்

கேள்வி: வயது 42, உயரம் 155 செ.மீ., எடை 74 கிலோ. வீட்டில் நானும் கணவரும், காலேஜும் பிளஸ் டூவும் படிக்கும் இரண்டு பிள்ளைகளும். காலையில் நடை, ராத்திரி சப்பாத்தி என்று எல்லாம் செய்து பார்த்தாயிற்று. எடை அசையவில்லை. எடைக் கேள்வி கேட்பவர்கள் மளிகைச் சிட்டையையும் அனுப்பலாம் என்று எழுதியிருந்தீர்கள். போன மாதச் சிட்டையை இணைத்திருக்கிறேன். லிஸ்ட் எழுதுவது நான், வாங்கி வருவது அவர். எங்கே தப்பு?
– ஒரு வாசகி, விருதுநகர்

பதில்: எடை குறைக்க என்னிடம் வருகிறவர்களிடம் முதலில் இதைத்தான் கேட்கிறேன். நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்றால் எல்லோருமே இரண்டு இட்லி, ஒரு கப் சோறு என்பார்கள். மளிகைச் சிட்டைக்கு அந்தக் கூச்சமெல்லாம் கிடையாது.

உங்கள் சிட்டையில் என் கண் போய் நின்ற இடம் எண்ணெய். கடலை எண்ணெய் 3 லிட்டர், சூரியகாந்தி 2, நல்லெண்ணெய் 1. ஒரு லிட்டர் எண்ணெய் சுமார் 910 கிராம் வரும். ஆறு லிட்டரை நான்கு பேருக்கு, முப்பது நாளைக்குப் பங்கு போட்டால் ஆளுக்குத் தினம் 45 கிராம். ஐதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், 2,000 கலோரி சாப்பிடுகிற ஒருவருக்கு எண்ணெய், நெய் எல்லாம் சேர்த்தே 27 கிராம்தான். உங்களுக்கு 18 கிராம் கூடுதல். கிராமுக்கு 9 கலோரி என்றால் தினமும் 160 கலோரிக்கு மேல். உங்கள் அரை மணி நேர நடை அப்படியே இதில் கரைந்து போகிறது. (விளக்குக்கு ஊற்றுவதும் இதே நல்லெண்ணெய்தான் என்றால் அதை மட்டும் கழித்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊர்ப் பொரித்த பரோட்டாவை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை!)

நான்கு பேருக்கு மாதம் மூன்றரை லிட்டர் போதும். ஒரேயடியாகக் குறைத்தால் பிள்ளைகள் தட்டைத் தள்ளிவிடுவார்கள். இந்த மாதம் ஐந்து, அடுத்த மாதம் நான்கு என்று இறங்குங்கள். மலிவாகக் கிடைக்கிறது என்று ஐந்து லிட்டர் கேன் வாங்க வேண்டாம், கேனைச் சாய்க்கும்போது கை தானாகத் தாராளமாகிவிடும். ஒரு லிட்டர் பாக்கெட்டாக வாங்கி, வெட்டும் அன்று அதன்மேல் பேனாவால் தேதி எழுதிவையுங்கள். எட்டு, ஒன்பது நாளுக்கு முன்னால் தீர்ந்தால் யார் வீட்டு அப்பளம், எந்த வாழைக்காய் வறுவல் என்று உங்களுக்கே ஞாபகம் வந்துவிடும்.

அப்புறம் அரிசி. 25 கிலோ சிப்பம், இட்லி அரிசி 8, கோதுமை மாவு 5, ரவையும் சேமியாவும் 2. மொத்தம் 40 கிலோ. அதே வழிகாட்டுதல்படி ஆளுக்கு 250 கிராம் என்றால் 30 கிலோதான் வரும். பருப்போ தலைகீழ்: துவரை, உளுந்து, பாசிப்பருப்பு, கடலைப்பருப்பு எல்லாம் கூட்டினாலும் 5 கிலோ. ஆளுக்கு 85 கிராம் என்கிறார்கள், அதாவது மாதம் 10 கிலோ. முட்டை, மீன் சாப்பிடுகிற வீடு என்றால் அதில் கொஞ்சம் குறையலாம். எடை குறைய வேண்டும் என்று வருகிறவர்களிடம் நான் 'கூட்டுங்கள்' என்று சொல்கிற மளிகைச் சாமான் இது ஒன்றுதான். பச்சைப்பயறு, தட்டைப்பயறு, கறுப்புக் கொண்டைக்கடலை மூன்றிலும் கிலோ கிலோவாக எழுதுங்கள். சாயங்காலம் சுண்டல் இருந்தால் ராத்திரிச் சோறு தானாகக் குறையும்.

சர்க்கரை 4 கிலோவை 2 ஆக்குங்கள், மிச்சம் பிஸ்கட் வழியாக எப்படியும் வந்து சேர்ந்துவிடும். சிட்டையின் கடைசி வரியில் இருக்கிற காராச்சேவு ஒரு கிலோ நீங்கள் எழுதியது இல்லை என்று நினைக்கிறேன். சாத்தூருக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு அறவே விடச் சொன்னால் அவர் கேட்கப்போவதில்லை. சாப்பிடத் தோன்றுகிற அன்று நூறு கிராம் பொட்டலமாக வாங்கி வரட்டும்.

காய்கறிக்குச் சிட்டை இல்லை என்று எழுதியிருந்தீர்கள். ஆளுக்குத் தினம் 400 கிராம் காயும் கீரையும் என்றால் உங்கள் வீட்டுக்கு வாரம் 11 கிலோ. பையின் கனமே சொல்லிவிடும். வாரம் இரண்டு தடவை உழவர் சந்தைக்கு விடிகாலையில் போய் வந்தால் நடையும் ஆயிற்று.

தைராய்டு பார்த்திருக்கிறீர்களா என்று எழுதவில்லை. பார்க்கவில்லை என்றால் ஒரு தடவை ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: ஐ.டி. வேலை, அறையில் தனியாகத் தங்கியிருக்கிறேன். மளிகை எல்லாமே போன் செயலியில்தான். ராத்திரி 11 மணிக்குப் பால் மட்டும் ஆர்டர் போடலாம் என்று திறந்தால், டெலிவரி இலவசமாக வேண்டும் என்பதற்காகச் சிப்ஸ், ஐஸ்கிரீம் என்று ஏதாவது சேர்த்துவிடுகிறேன். ஒரு வருடத்தில் ஏழு கிலோ ஏறிவிட்டது.
– ஒரு வாசகர், சென்னை

பதில்: தம்பி, முப்பது ரூபாய் டெலிவரிக் கட்டணத்தைக் கட்டிவிடுங்கள். அந்தச் சிப்ஸை விட அது மலிவு. கட்ட மனசு வரவில்லையா, தொகையை நிரப்ப முட்டை, எலுமிச்சை, தயிர், வெள்ளரிக்காய் என்று ஒரு பட்டியலை முன்னாலேயே செயலியில் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். குறைகிற தொகைக்கு அதிலிருந்து மட்டும் எடுங்கள். வாரச் சாமானை ஞாயிற்றுக்கிழமை மதியம், வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகு ஆர்டர் போடுங்கள். செயலியின் அறிவிப்புகளை இன்றே நிறுத்துங்கள். ராத்திரி 11 மணிக்கு 'பசிக்குதா?' என்று கேட்டால் யாருக்குத்தான் பசிக்காது?

கேள்வி: எனக்கு 66 வயது. எடை குறையட்டும் என்று மருமகள் மல்டிகிரெய்ன் பிஸ்கட், நாட்டுச் சர்க்கரை, சாமை அரிசி எல்லாம் வாங்கித் தருகிறாள். இதெல்லாம் சாப்பிட்டால் எடை இறங்குமா?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: அம்மா, பிஸ்கட் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் போனில் போட்டோ எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். எது எடையில் அதிகமோ அதை முதலில் எழுத வேண்டும் என்பது இங்கே சட்டம். முதல் மூன்று பெயரில் மைதா, சர்க்கரை, பாமாயில் இருந்தால் முன்பக்கத்தில் எத்தனை கதிர் படம் போட்டிருந்தாலும் அது சாதா பிஸ்கட்தான். நாட்டுச் சர்க்கரைக்கும் வெள்ளைச் சர்க்கரைக்கும் கலோரியில் பெரிய வித்தியாசம் இல்லை. காப்பியில் ஒரு ஸ்பூன் என்றால் இரண்டிலுமே ஒரு ஸ்பூன்தான்.

சாமையை விடாதீர்கள், மருமகள் சரியாகத்தான் வாங்கியிருக்கிறார். நார்ச்சத்து இருப்பதால் பசி தாங்கும். ஆனால் சிறுதானியம்தானே என்று இரண்டு கரண்டி கூடப் போட்டுக்கொள்ள வேண்டாம். சோறு சாப்பிட்ட அதே கிண்ணத்தில், அதே அளவு.