ரோபோ நகராமல் உறுமுகிறதா? (வாசகர் கேள்வி பதில்)

கேள்வி: ஆர்டுயினோ ஊனோ என்ற கன்ட்ரோல் போர்டு, மோட்டாரை இயக்கும் எல்298என் டிரைவர், மஞ்சள் கியர் மோட்டார் இரண்டு, ஒரு 9 வோல்ட் பேட்டரி வைத்து ரோபோ கார் செய்தேன். தரையில் விட்டால் ஒரு விரற்கடை நகர்ந்து நிற்கிறது, உறுமுகிறது, மறுபடி ஒரு விரற்கடை. புரோகிராமைப் பத்துத் தடவை மாற்றி எழுதிப் பார்த்துவிட்டேன்.
– கல்லூரி மாணவர், தாம்வே, ரங்கூன்

பதில்: தம்பி, புரோகிராமை விட்டுவிடுங்கள், அதன் மேல் தப்பில்லை. சக்கரம் நிற்கிற நொடியில் போர்டில் 'எல்' என்று எழுதிய குட்டி விளக்கைப் பாருங்கள். படபடவென்று துடித்தால் போர்டு செத்துப் பிழைக்கிறது என்று அர்த்தம். அந்த மோட்டார் சும்மா ஓடும்போது 150, 200 மில்லி ஆம்பியர்தான் கேட்கும், ஆனால் நின்ற இடத்திலிருந்து கிளம்பும் அந்த ஒரு கணத்தில் ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட ஓர் ஆம்பியர் இழுக்கும். ரேடியோவுக்கும் புகை அலாரத்துக்கும் செய்த அந்தச் சதுரப் பேட்டரியால் அவ்வளவு கொடுக்க முடியாது. வோல்டேஜ் பொத்தென்று விழும், போர்டு அணையும், மோட்டார் நின்றதும் வோல்டேஜ் ஏறும், போர்டு முதலிலிருந்து ஆரம்பிக்கும். நீங்கள் பார்ப்பது இந்தச் சுற்றுதான். நம்பிக்கை இல்லையென்றால் மல்டிமீட்டரைப் பேட்டரி முனைகளில் வைத்துக்கொண்டு மோட்டாரை ஓடவிடுங்கள்.

18650 என்ற உருளை வடிவ லித்தியம் பேட்டரி இரண்டைத் தொடராகப் போடுங்கள், 7.4 வோல்ட் கிடைக்கும். எல்298என் பழைய காலத்து சிப், தன் பங்காகச் சுமார் 2 வோல்ட்டைச் சூடாக்கித் தின்றுவிடும், மிச்சம் ஐந்து சொச்சம். உங்கள் மோட்டாருக்கு 3 முதல் 6 வோல்ட், எனவே சரியாக இருக்கும். (டிபி6612 என்ற வேறு டிரைவர் போட்டால் இந்தத் தீனி குறையும். இருப்பதை வைத்தே ஓட்டலாம் என்பதால் இப்போதைக்கு வேண்டாம்.) அப்புறம், போர்டுக்கும் டிரைவருக்கும் கிரவுண்ட், அதாவது மைனஸ் கம்பி, ஒன்றாக இணைந்திருக்க வேண்டும். இதை மறந்துவிட்டு நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க விழித்திருக்கிறேன், கடைசியில் வோல்டேஜைச் சீராக்கும் ரெகுலேட்டர் சூடா என்று தொட்டுப் பார்த்து விரலில் கொப்புளம் வாங்கியதுதான் மிச்சம். இன்னும் துடிப்பு இருந்தால் 104 என்று அச்சடித்த சின்ன செராமிக் கெபாசிட்டர் ஒன்றை ஒவ்வொரு மோட்டாரின் இரண்டு காதுக்கும் குறுக்கே பற்றவையுங்கள், பிரஷ்ஷில் கிளம்பும் பொறியின் இரைச்சல் அடங்கும்.

கேள்வி: மகன் வயர் பற்றவைக்க அடுப்பங்கரை மேசையில் ஈயம் உருக்குகிறான். அந்தப் புகை விஷமா?
– ஒரு தாய், தக்கேத்தா

பதில்: அம்மா, புகை ஈயத்திலிருந்து வருவதில்லை. ஈயம் ஆவியாகக் கொதிக்க 1,700 டிகிரிக்கு மேல் வேண்டும், அவன் கையிலிருக்கும் பற்றவைப்பு இரும்பு அதன் பக்கத்தில்கூடப் போகாது. ஈயக் கம்பிக்குள் இருக்கும் பைன் மரப் பிசின்தான் புகைகிறது. அதுவும் நல்லதல்ல, இழுப்பு உள்ளவர்களுக்கு ஆகவே ஆகாது. ஜன்னலோரம் உட்காரச் சொல்லுங்கள், சின்ன ஃபேன் புகையை முகத்துக்கு எதிர்ப்புறம் தள்ளட்டும். ஈயம் உடம்புக்குள் போவது கை வழியாகத்தான், அதனால் அடுப்பங்கரை மட்டும் வேண்டவே வேண்டாம். முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் சோற்றில் கை வைக்கக்கூடாது. திட்டி நிறுத்திவிடாதீர்கள், மேசையை மாற்றினால் போதும்.

கேள்வி: கரண்ட் போனதும் தானே எரியும் விளக்கு வேண்டும். புரோகிராம் எல்லாம் எனக்கு வராது. வயது 68.
– ரங்கூன் வாசகர்

பதில்: ஐயா, இதற்குப் புரோகிராமே தேவையில்லை, ஒரு 5 வோல்ட் ரிலே, அதாவது கரண்டால் தானே மாறும் சுவிட்ச், போதும். பழைய போன் சார்ஜர் ஒன்றை, 2 ஆம்பியர் இருந்தால் நல்லது, ரிலேயின் காயிலுக்கு (உள்ளே இருக்கும் கம்பிச்சுருள்) கொடுங்கள். காயிலுக்குக் குறுக்கே 1என்4007 டையோடு ஒன்று, வெள்ளிக்கோடு பிளஸ் பக்கம். கரண்ட் இருக்கும்வரை ரிலே இழுத்துப் பிடித்திருக்கும், போனதும் 'டிக்' என்று விடும். விட்டதும் ஒட்டும் முனையின் பெயர் 'என்.சி.', பொது முனையின் பெயர் 'காம்'. காம் முனைக்கு 18650 பேட்டரி ஒன்றின் பிளஸ், என்.சி.யிலிருந்து 56 ஓம் ரெசிஸ்டர், அதன் பிறகு வெள்ளை எல்இடி, எல்இடியின் குட்டைக்கால் மைனஸுக்கு. வெளிச்சம் பற்றாவிட்டால் ஒவ்வொரு எல்இடிக்கும் தனித்தனி ரெசிஸ்டர் போட்டு நாலைந்து சேருங்கள்.

அதே சார்ஜரிலிருந்து டிபி4056 என்ற குட்டிப் பலகைக்கு ஒரு வயர் கொடுத்தால் கரண்ட் இருக்கும் நேரத்தில் 18650 பேட்டரி தானே ஏறிக்கொள்ளும். ஆறு முனை உள்ள பலகையாக வாங்குங்கள், அதில்தான் பேட்டரி அடியோடு காலியாகாமல் தடுக்கும் காப்பு இருக்கிறது. இந்தப் பலகை போட்டால், மேலே சொன்ன பேட்டரி பிளஸையும் மைனஸையும் நேராகப் பேட்டரியிலிருந்து எடுக்காமல் பலகையின் 'அவுட்' முனைகளிலிருந்தே எடுக்க வேண்டும். பேட்டரியில் 9,900 என்று அச்சடித்திருந்தால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள், அந்த அளவு டப்பாவில் நல்ல பேட்டரியே 3,500 மில்லி ஆம்பியர் மணியை ஒட்டித்தான் இருக்கும். சார்ஜரின் உள்ளே மட்டும் கை வைக்காதீர்கள், 230 வோல்ட் அங்கே இருக்கிறது. தெருவில் 'மீ லாபீ' (கரண்ட் வந்துவிட்டது) என்று பிள்ளைகள் கத்தும்போது உங்கள் விளக்கு அவர்களுக்கு முன்பே அணைந்திருக்கும்.